‘கம் ஆன்’ என்றால் வாவா, போவா? ஆங்கிலத்தில் தட்டிக்கொடுப்பதும் அவசரப்படுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் மாலை நேர ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். சுங்குடிச் சேலைக் கடையில் வேலை பார்ப்பவர், சுற்றுலா கார் ஓட்டுகிறவர், இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் நைட் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸுகள் என்று பலரும் வருகிறார்கள். இலக்கணச் சந்தேகம் கொஞ்சம்தான். ‘விடாதே’, ‘சீக்கிரம்’, ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, சொன்னபோது எதிரே இருந்தவர் முகம் ஏன் மாறியது என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

“டீச்சர், ‘கம் ஆன்’னா ‘வா’ன்னுதானே அர்த்தம்? கிரிக்கெட்ல எல்லாரும் ஏன் அதையே கத்துறாங்க?”

‘வா’ என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. ஆனால் ஆளைக் கூப்பிட ‘கம் ஹியர்’, ‘கம் இன்’ போதும். நம் தெருவில் கபடி நடக்கும்போது ரெய்டு போனவனைப் பார்த்து ‘வா வா வா, விடாத’ என்று கத்துகிறோம். அந்த ‘வா’ யாரையும் கூப்பிடுவதில்லை. ‘இன்னும் கொஞ்சம்தான், உன்னால் முடியும்’ என்கிறது. மைதானத்து ‘கம் ஆன்’ அதுதான். ஆஸ்திரேலிய டென்னிஸ் வீரர் லேட்டன் ஹியூவிட் நல்ல புள்ளி ஒன்று எடுத்ததும் முஷ்டியை மடக்கி ‘கம் ஆன்’ என்று கத்துவார். அவர் தனக்கே சொல்லிக்கொண்டது அது.

அதையே பஸ் ஸ்டாண்டில் சொன்னால் ‘கிளம்பு, எவ்வளவு நேரம்’ என்றாகிவிடும். நம்ப முடியாத கதையை ஒருவர் சொல்லும்போது வந்தால் ‘அட, போப்பா’. நமக்கு வா என்று படுவது அங்கே போ என்றும் ஆகும்.

“ஒரே வார்த்தை உற்சாகத்துக்கும் எரிச்சலுக்கும் வந்தா, எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

குரலைக் கேளுங்கள். ‘கம்’ பாதி விழுங்கப்பட்டு, ‘ஆன்’ துள்ளிச் சட்டென்று முடிந்தால் உற்சாகம். ‘ஆன்’ நீண்டு கீழே இறங்கினால் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது. முன்னால் ஓர் ‘ஓ’ சேர்ந்து, ‘ஓ, கம் ஆஆன்’ என்று ஏறி இறங்கினால் ‘இதை நான் நம்பணுமா’ அல்லது ‘இது நியாயமா’.

வகுப்பில் ஒருவரை இந்த மூன்று விதமாகவும் சொல்லச் சொல்வேன். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எது என்று சொல்ல வேண்டும். முதல் நாளே பெரும்பாலானவர்கள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ‘சாப்பிட வா’ என்று அம்மா முதல் தடவை கூப்பிடுவதற்கும் நான்காவது தடவை கூப்பிடுவதற்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை நம் ஊரில் கிடையாது. அந்தக் காதையே இங்கேயும் பயன்படுத்துங்கள்.

“‘கோ ஆன்’ சொன்னா போன்னு அர்த்தமா?”

பெரும்பாலும் இல்லை. பேச்சின் நடுவே வந்தால் ‘மேலே சொல்லுங்க’. பிரிட்டிஷ்காரர் வீட்டில் பிஸ்கட் தட்டை நீட்டி ‘கோ ஆன்’ என்றால், நாம் விருந்தாளி இலையில் ‘இன்னொரு இட்லி வச்சுக்கங்க, ஒண்ணும் பண்ணாது’ என்று வைப்போமே, அந்த வற்புறுத்தல். அதற்கு ‘கோ ஆன் தென்’ என்று பதில் வந்தால் ‘சரி, வைங்க’ என்று பொருள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

“‘சீக்கிரம் வாங்க’ன்னு நெனச்சு ‘கம் ஃபாஸ்ட்’னு சொன்னேன். அந்தம்மா ஏன் ஓட ஆரம்பிச்சாங்க?”

இதைக் கேட்டவர் கார் ஓட்டுகிறவர். வயதான இங்கிலாந்துத் தம்பதி ஒன்றை ஜங்ஷனில் இறக்கிவிடப் போயிருக்கிறார். வைகை எக்ஸ்பிரஸ் கிளம்ப இன்னும் 25 நிமிடம் இருந்தது. டிக்கியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டே ‘மேடம், கம் ஃபாஸ்ட், கம் ஃபாஸ்ட்’ என்றாராம். அந்த அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தை நோக்கி ஓடினார், பின்னாலேயே கணவரும் மூச்சு வாங்க ஓடினார். இவர் சொல்ல நினைத்தது ‘கூட்டம் சேருவதற்குள் உள்ளே போய்விடலாம்’ என்பதுதான்.

கோளாறு ‘சீக்கிரம்’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘சீக்கிரம் எழுந்தேன்’ என்பதில் அது ஏர்லி. ‘சீக்கிரம் முடித்தேன்’ என்பதில் குவிக்லி. ‘சீக்கிரம் வந்துவிடுவேன்’ என்பதில் சூன். ஃபாஸ்ட் என்பது ஓடுகிற வேகம். காருக்கும் குதிரைக்கும் பந்து வீச்சுக்கும் சொல்வது. அதனால்தான் அந்த அம்மா கால்களை நம்பினார்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இது சுலபம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நம் பேச்சில் இந்த வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது. ‘நாளைக்கு வெள்ளனமே வந்துரு’ என்கிறோம். அந்த வெள்ளன ஏர்லி. ‘வெரசா நட’ என்கிறோம். அந்த வெரசா குவிக்லி. ‘இந்தா வந்துர்றேன்’ என்றால் சூன். வாயைத் திறக்குமுன் இதை உங்கள் பாட்டி எப்படிச் சொல்லியிருப்பார் என்று ஒரு நொடி நினையுங்கள், சரியான ஆங்கிலச் சொல் தானாக வரும். பட்டிக்காட்டுப் பேச்சு என்று வெட்கப்பட்டு நாம் ஒதுக்கிவைத்த சொற்கள் ஆங்கிலத்துக்கு இவ்வளவு உதவுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துபோகும்.

“வாடிக்கையாளர்கிட்ட ‘ஹரி அப்’ சொல்லலாமா? ‘ப்ளீஸ்’ சேர்த்துக்கிட்டா மரியாதை வந்துரும்ல?”

வராது. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது: வா, வாங்க. எரிச்சலோடு ‘சீக்கிரம் வாங்க’ என்றாலும் அந்த ‘ங்க’ நம்மைக் காப்பாற்றும். ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் இல்லை. ஐந்து வயதுப் பையனுக்கும் 70 வயது வாடிக்கையாளருக்கும் ஒரே ‘ஹரி அப்’தான். அதனால் நம் ஆட்கள் ப்ளீஸை ‘ங்க’ என்று நினைத்து ஒட்டுகிறார்கள். ‘வில் யூ ப்ளீஸ் ஹரி அப்’ என்பதில் அழுத்தம் ப்ளீஸின் மேல் விழுந்தால், ‘சாமி, கொஞ்சம் வர்றீங்களா’ என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கடிந்துகொள்வது போல ஆகிவிடும். வெறும் ‘ஹரி அப்’பைவிட அது சூடு.

வீட்டுப் பிள்ளைகளிடமும் கூட்டாளிகளிடமும் ‘ஹரி அப்’ தாராளமாகச் சொல்லலாம். தவறே இல்லை.

“அப்போ மரியாதையா அவசரப்படுத்தவே முடியாதா அக்கா?”

முடியும். கட்டளையை விட்டுவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள். மீனாட்சியம்மன் கோயிலில் மதியம் நடை சாத்துவார்கள். வெளிநாட்டுப் பயணி பொற்றாமரைக் குளப் படியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டே இருக்கிறார். ‘ஹரி அப் சார்’ வேண்டாம். ‘தி டெம்பிள் க்ளோசஸ் அட் 12.30’ என்று மட்டும் சொல்லுங்கள், அவரே எழுந்து வருவார். முடிவு அவருடையது, தகவல் நம்முடையது. மரியாதை அங்கே இருக்கிறது.

இன்னொரு வழி, ‘நீங்கள்’ போய் ‘நாம்’ வருவது. ‘வி ஷுட் கெட் கோயிங்’ என்றால் ‘நாம் கிளம்பிரலாம்’. கேள்வியாகக் கேட்பதும் நல்லது: ‘ஷல் வி?’ என்று புன்னகையோடு கேட்டால் போதும், பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள். கார் ஓட்டுகிற அண்ணன் இப்போது ‘வி ஹேவ் டைம், பட் லெட்ஸ் கோ இன் பிஃபோர் இட் கெட்ஸ் க்ரவுடட்’ என்று சொல்கிறார். மனப்பாடம் செய்ய ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு அவர் காரில் வந்த யாரும் ஓடவில்லை.

“ஹோட்டல்ல சூப்பர்வைசர் ‘சாப் சாப்’ங்கிறாரு. காய் நறுக்கச் சொல்றாரா?”

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த தம்பி கேட்டது. காய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ‘வெரசா, வெரசா’ என்பதுதான். தென்சீனத் துறைமுகங்களில் வெள்ளைக்கார வியாபாரிகளும் உள்ளூர்க்காரர்களும் பேசிக்கொண்ட கலப்பு ஆங்கிலத்திலிருந்து வந்தது. சாப்ஸ்டிக் என்ற சொல்லில் இருக்கும் ‘சாப்’பும் இதே ‘விரைவு’தான். இதே மாதிரி இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்தி ‘ஜல்தி’யை ‘ஜில்டி’ என்று தங்கள் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள்.

இது மேலே இருப்பவர் கீழே இருப்பவரை விரட்டும் தொனி உள்ள சொல். விளையாட்டாகத் தங்கள் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். கை தட்டிக்கொண்டே ஒருவரிடம் சொன்னால் அவமானப்படுத்துவதுதான், சீன வம்சாவளியினரிடம் சொன்னால் காயம் இன்னும் ஆழம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள். ‘கெட் எ மூவ் ஆன்’, ‘கெட் ஆன் வித் இட்’ இரண்டையும் அதே வரிசையில் வையுங்கள்.

“ஸ்கூல்ல எங்க சார் ‘பக் அப்’னு சொல்வாரு. பாராட்டா, திட்டா?”

பழைய பிரிட்டிஷ் சொல். ‘தைரியமாக இரு’ என்றும் பொருள், ‘வேகமாக வா’ என்றும் பொருள். இந்தத் தொகுப்பில் நான் பேசும் இரண்டு உணர்ச்சியும் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கிறது. எதுவென்று அறிய இரண்டாவது கேள்வியின் பதிலைப் பாருங்கள். இன்றைய இளைஞர்களிடம் அதிகம் கேட்க முடியாது.

‘புல் யுவர் சாக்ஸ் அப்’ மட்டும் சந்தேகமில்லாமல் கண்டிப்பு. மார்க் குறைந்தவனிடம் ‘இனியாவது ஒழுங்காப் படி’ என்பதற்குச் சமம். ஊக்கம் என்று நினைத்து வருத்தத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

“‘பிரேக் எ லெக்’, ‘ஷேக் எ லெக்’ ரெண்டும் ஒண்ணா?”

வேறு வேறு. ‘பிரேக் எ லெக்’ மேடை ஏறுபவருக்கான வாழ்த்து. நாடகக்காரர்களிடம் ‘குட் லக்’ என்று நேராகச் சொன்னால் ராசி கெடும் என்று ஒரு நம்பிக்கை, அதனால் தலைகீழாகச் சொல்கிறார்கள். அழகான பிள்ளைக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிற நமக்கு இது புரியாததில்லை. நடனம், நாடகம், பாட்டு, மேடைப் பேச்சு, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் போகிறவரிடமும் வாடிவாசலில் நிற்கிற பையனிடமும் சொல்லவே கூடாது.

‘ஷேக் எ லெக்’ என்றால் அவர்களுக்கு ‘எழுந்திரு, கிளம்பு’. நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் அதை ‘ஆட்டம் போடுவது’ என்ற பொருளில் எழுதுவதால் குழப்பம். காலையில் மேலாளர் ‘ஷேக் எ லெக்’ என்றால் ஆடச் சொல்லவில்லை.

“‘ஹேங் ஆன்’, ‘ஹேங் இன் தேர்’, ‘ஹோல்ட் ஆன்’. எல்லாத்துலயும் தொங்குறதும் பிடிக்கிறதும்தானே?”

‘ஹேங் ஆன்’, ‘ஹோல்ட் ஆன்’ இரண்டும் பேச்சில் ‘கொஞ்சம் இருங்க’. போனில் அதிகம் வரும். ‘ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ்’ என்றால் ‘அவசரப்படாதப்பா, பொறு’.

‘ஹேங் இன் தேர்’ வேறு. அலங்காநல்லூரில் காளை வாடிவாசலைத் தாண்டி வந்ததும் ஒருவர் திமிலைப் பிடிக்கிறார். காளை துள்ளுகிறது, சுற்றுகிறது, தரையிலிருந்து கால் எழும்பிவிடுகிறது. மூன்று துள்ளல் வரை, அல்லது எல்லைக் கோடு வரை கை விடக் கூடாது. அந்தச் சில நொடிகளில் அவர் செய்யக்கூடியது பிடியை விடாமல் இருப்பது மட்டும்தான். சுற்றி நிற்கிற கூட்டம் ‘விட்றாத, விட்றாத’ என்கிறது. அந்த ‘விட்றாத’தான் ‘ஹேங் இன் தேர்’. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர், கடனில் மாட்டியவர், மூன்றாவது முறை தேர்வு எழுதுகிறவர், ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்வது அது. இன்னும் களத்தில் இறங்காதவருக்கு ‘கோ ஃபார் இட்’, அதாவது ‘இறங்கு, பாத்துக்கலாம்’. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதுதான் நான் அடிக்கடி கேட்கும் பிழை.

“‘ஆல் தி பெஸ்ட்’ சொன்னா ‘சேம் டு யூ’ சொல்லணுமா?”

அவரும் அதே பரீட்சை எழுதினால் சொல்லலாம். இல்லையென்றால் ‘தேங்க் யூ’ போதும். பிரிட்டிஷ்காரர்கள் கடிதத்தின் முடிவிலும் விடைபெறும்போதும்கூட ‘ஆல் தி பெஸ்ட்’ என்பார்கள், உங்களுக்கு ஏதோ பரீட்சை இருக்கிறது என்று அவர்கள் நினைக்கவில்லை.

பிளஸ் டூ முடிவில் மார்க் குறைந்த பிள்ளையிடம் ‘பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்’ வேண்டாம். கேரம் போர்டில் தோற்றவனுக்குச் சொல்கிற அளவுதான் அதன் எடை. ‘ஐ நோ ஹௌ ஹார்ட் யூ வொர்க்ட்’, நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு அன்று தேவைப்படுவது அது.

“போன்ல மரியாதையாத்தான் ‘டெல் மீ சார்’னு சொல்றேன். ரூட்னு கம்ப்ளைன்ட் வருது. ஏன்?”

இலந்தைக்குளத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. ‘சொல்லுங்க சார்’ என்பது நமக்கு இரண்டு கையையும் விரித்து வரவேற்பது. ‘டெல் மீ’ அவர்கள் காதில் ‘ம், விஷயத்துக்கு வா’ என்று விழுகிறது. ‘சொல்லுங்க’வில் இருக்கும் ‘ங்க’ கடலைத் தாண்டுவதில்லை. ‘ஹௌ கேன் ஐ ஹெல்ப்?’ என்று தொடங்குங்கள். அவர் பாதியில் தயங்கினால் ‘கோ அஹெட்’.

இதைவிட ஆபத்தானது ‘வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?’. உங்களுக்கு என்ன பிரச்சினை என்று அக்கறையாகக் கேட்கிறோம். அங்கே அது சண்டைக்கு இழுக்கும் வாக்கியம். ‘வாட் சீம்ஸ் டு பி தி ப்ராப்ளம்?’ என்று கேட்டால் அதே அக்கறை அப்படியே போய்ச் சேரும். கோபமாக இருப்பவரிடம் ‘காம் டௌன்’ சொல்ல வேண்டாம். எந்த மொழியிலும் ‘கோபப்படாத’ என்று சொல்லிக் கோபம் தணிந்து நான் பார்த்ததில்லை.

“இங்கிலாந்து மேனேஜர் என் வேலையைப் பார்த்துட்டு ‘நாட் பேட்’ங்கிறாரு. மனசு கஷ்டமாயிருச்சு.”

கஷ்டப்படாதீர்கள், அது பாராட்டு. நம் பெரியவர்கள் ‘பரவாயில்லையே’ என்பார்கள். அந்தக் கடைசி ‘யே’யில் எவ்வளவு சந்தோஷம் இருக்கும்! பிரிட்டிஷ் ‘நாட் பேட்’, அதிலும் ‘நாட் பேட் அட் ஆல்’, அந்த ரகம். ஆனால் அவர் ‘கொய்ட் குட்’ என்றால் ‘சுமார்தான்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர் அதையே சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது.

“நான் அவரைத் திருப்பிப் பாராட்டலாமா? ‘குட் ஜாப் சார்’?”

‘குட் ஜாப்’, ‘வெல் டன்’ எல்லாம் பெரும்பாலும் மேலிருந்து கீழே வரும், அல்லது சமமானவர்களுக்குள் ஓடும். மேலே போனால் நாம் அவருக்கு மார்க் போடுவது போல இருக்கும். நமக்கு என்ன கிடைத்தது என்று சொன்னால் எந்த உயரத்துக்கும் பொருந்தும்: ‘ஐ லேர்ன்ட் எ லாட் ஃப்ரம் தட்’. ‘பலே பொண்ணு’ என்று தட்டிக்கொடுக்கும் ‘அட்டா கேர்ள்’ என்பதை வளர்ந்த பெண்ணிடம், அதுவும் வேலையிடத்தில், சொல்லவே வேண்டாம்.

“சாவு வீட்டுக்காரங்ககிட்ட ‘சியர் அப்’, ‘பி ஸ்ட்ராங்’ சொல்லலாம்ல?”

கூடாது. ‘சியர் அப்’ சின்னச் சின்ன வாட்டத்துக்கு, மழையால் மேட்ச் நின்றுபோனது போன்றவற்றுக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பாவை இழந்து திரும்பி வந்த வெளிநாட்டுத் தோழியிடம் நான் அதைச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, கையிலிருந்த காபியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அந்த டம்ளர் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ‘ஐ ஆம் சோ சாரி’ மட்டும் போதும். தவறு செய்ததற்கான சாரி இல்லை அது, துக்கத்தில் பங்கு. நம் ஊரில் துஷ்டி வீட்டில் யாரும் தைரியம் சொல்லி ஆரம்பிப்பதில்லை, கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம். அந்த நாகரிகத்தை ஆங்கிலத்திலும் விட்டுவிட வேண்டாம்.

“மெயில்ல ‘ஏ.எஸ்.ஏ.பி.’ போடலாமா?”

‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’, அதாவது ‘முடிந்த அளவு சீக்கிரம்’ என்பதன் சுருக்கம் அது. மேலதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும் வேண்டாம், எழுத்தில் குரல் கிடையாது. தேதியும் காரணமும் எழுதுங்கள்: வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் திங்கட்கிழமை அனுப்பிவிடலாம் என்று. ‘ஜென்டில் ரிமைண்டர்’ ஒரு முறை சரி. மூன்றாவது முறை வரும்போது அதில் ஜென்டில் எதுவும் மிச்சமிருக்காது.

“‘ஃபார் காட்ஸ் சேக்’ சொன்னா சாமிமேல ஆணையா?”

இல்லை. ‘அட கடவுளே, எவ்வளவு நேரம்டா’ என்ற சலிப்பு. பக்தியுள்ள கிறிஸ்தவர்களில் பலருக்கு அப்படிக் கடவுள் பெயரை இழுப்பது பிடிக்காது. ‘ஃபார் குட்னஸ் சேக்’ சாது.

“‘டேக் யுவர் டைம்’ நல்ல வார்த்தைதானே? கவுன்டர்ல ஒருத்தர் என்கிட்ட சொன்னப்ப எல்லாரும் ஏன் என்னைப் பார்த்தாங்க?”

நிறையப் பேர் சறுக்குகிற இடம் இது. ‘டேக் யுவர் டைம்’ நிஜமாகவே ‘மெதுவாச் செய்ங்க’தான். ஆனால் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, பெருமூச்சுக்குப் பிறகு வந்தால், ‘நல்லா ஆற அமரப் பண்ணுங்க’ என்ற குத்தல். ‘எனி டே நௌ’, ‘இன் யுவர் ஓன் டைம்’, ‘குட் லக் வித் தட்’ எல்லாம் இப்படித் திரும்பக்கூடியவை. சொல்லை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள்: யாராவது காத்திருக்கிறார்களா? காத்திருந்தால் ‘சாரி, ஆல்மோஸ்ட் டன்’ என்று சொல்லி வேலையை முடியுங்கள். குத்தல் இல்லாமல் அன்பாகவே சொல்லியிருந்தாலும் அந்தப் பதில் தவறாகாது.

நீங்கள் உண்மையான மனதோடு சொல்ல விரும்பினால் ‘நோ ரஷ்’ என்று சொல்லுங்கள், முகத்தில் சிரிப்பு இருக்கட்டும்.

“நம்ம ஊரு வார்த்தையையே ஆங்கிலத்துல சொன்னா ஒத்துக்க மாட்டாங்களா?”

ஒத்துக்கொள்கிறார்கள். சீனர்கள் ஒருவரை ஊக்கப்படுத்த ‘எண்ணெய் ஊற்று’ என்பார்கள். அதன் நேர் மொழிபெயர்ப்பான ‘ஆட் ஆயில்’ 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறியது. கொரியர்கள் கத்தும் ‘ஃபைட்டிங்’ 2021-இல் ஏறியது. நாம் தினமும் சொல்லும் சபாஷ் பாரசீக ‘ஷாத் பாஷ்’, அதாவது ‘மகிழ்ச்சியாக இரு’ என்பதிலிருந்து வந்தது. அதுவும் அந்த அகராதியில் இருக்கிறது.

அகராதியில் இருப்பதெல்லாம் எதிரே நிற்பவருக்குப் புரிந்துவிடாது, அதனால் முதலில் அவர்கள் சொல்லைச் சொல்லுங்கள், பழகிய பிறகு நம்முடையதைக் கொடுங்கள். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி அப்படித்தான் செய்தாள். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து நடை பழகும் ஒரு பெரியவருக்கு முதல் வாரம் முழுக்க ‘யூ ஆர் டூயிங் வெல்’ சொன்னாள். ஒரு நாள் அவர் கட்டிலிலிருந்து கதவு வரை தனியாக நடந்தபோது அவளையறியாமல் ‘சபாஷ்’ என்று வந்துவிட்டது. என்ன அது என்று கேட்டாராம், அர்த்தம் சொன்னாளாம். மறுநாளிலிருந்து கதவைத் தொட்டதும் திரும்பி நின்று, ‘சபாஷ்?’ என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டாராம்.